இடுப்புப் பிள்ளையோடு செகிஞ்சான் வரை



பிள்ளைக்கு ஒரு வயது நிறைகிறது. மொட்டை அடித்து, காது குத்தி, தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பொங்கல் வைத்து வீடு திரும்புகிறீர்கள். அடுத்த வாரமே அடுப்படியில் ஒரு கவலை வந்து உட்கார்ந்துகொள்கிறது. "முன்ன மாதிரி சாப்பிட மாட்டேங்கிறான்." கண் பட்டுவிட்டது என்கிறார் மாமியார். பக்கத்து வீட்டு அக்காள் ஏதோ ஒரு டின் பாலின் பெயரைச் சொல்கிறார். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் சம்பளச் சீட்டைப் பார்க்கிறார்.

என் கடைக்குட்டி மகள் வீட்டிலும் இதே கதைதான். அவள் மேருவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். பையனுக்குப் பதினான்கு மாதம். கிளினிக்கில் நிறுத்துப் பார்த்தபோது இரண்டு மாதத்தில் 400 கிராம்தான் கூடியிருந்தது. அன்று முதல் வேளைக்கு வேளை சண்டை. அவள் ஒரு கையில் கைத்தொலைபேசி, மறு கையில் கரண்டி. பையன் வாயை இறுக்கிக்கொள்வான். இவள் மூக்கைப் பிடிப்பாள். கடைசியில் சோறு தரையில் கிடக்கும், இருவரும் அழுதுகொண்டிருப்பார்கள்.

"ஒரு நாளைக்கு எல்லாரும் வெளியே போவோம்" என்று நான்தான் சொன்னேன். கிள்ளானில் தொடங்கி, கடலோரமாகப் போகும் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில் காப்பார், ஜெரம், கோலசிலாங்கூர், தஞ்சோங் காராங், செகிஞ்சான். கோலசிலாங்கூர் வரை சுமார் 45 கிலோமீட்டர், அதற்கப்பால் செகிஞ்சானுக்கு இன்னும் 30. ஊர் பார்ப்பது ஒரு சாக்கு. பிள்ளையையும் தாயையும் அந்தச் சண்டையிலிருந்து ஒரு நாளாவது பிரித்து வைக்க வேண்டும் என்பதே என் எண்ணம். போய் வந்த வழியை உங்களுக்கும் காட்டுகிறேன். வண்டி வசதி உள்ளவர்கள் போய் வாருங்கள். மற்றவர்கள் உங்கள் அடுப்படியில் இருந்தபடியே கூட வரலாம்.

கிளம்புமுன் பையில் என்ன எடுத்து வைத்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கொதித்து ஆறிய தண்ணீர், பிடி வைத்த சிறு குவளை, சின்னக் கரண்டி, சவர்க்காரம், இரண்டு வாழைப்பழம். சமைத்த சோறு எடுத்துப் போகவில்லை. நம் நாட்டு வெயிலில் சமைத்த உணவு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருந்தால் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது. தேங்காய்ப்பால் சேர்ந்தது இன்னும் சீக்கிரம் கெடும்.

கிள்ளானில் பசியாறல்

காலை எட்டு மணிக்குத் தெங்கு கிளானா சாலையில் நின்றால் மல்லிகை வாசமும் சாம்பார் வாசமும் ஒன்றாக வரும். பூக்கடை, சேலைக்கடை, பாத்திரக்கடை, நடுவில் பசியாறும் கடைகள். தோட்டத்திலிருந்து தீபாவளிச் சாமான் வாங்க வந்தவர்களுக்கு இந்தத் தெருவை நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

மேசைக்கு இட்லி வந்தது. ஒரு வயதுப் பிள்ளைக்கு இட்லியைப் போல ஒரு நண்பன் கிடையாது. அரிசியும் உளுந்தும் சேர்ந்தது, ஆவியில் வெந்தது. பல் முளைக்காத இடத்தில் ஈறாலேயே நசுக்கலாம். பிய்த்துப் போட்டால் பிள்ளை தானே இரண்டு விரலால் எடுத்துக்கொள்ளும். சாம்பார் காரமாக இருந்ததால் வெறும் பருப்பாகக் கொஞ்சம் கேட்டு வாங்கினோம்.

மகள் வழக்கம்போல் கைத்தொலைபேசியை எடுத்தாள். "வேண்டாம்மா, இன்னைக்கு ஒரு நாள் உள்ளே வை" என்றேன். பையன் தட்டையே பார்த்தான். ஒரு துண்டை எடுத்தான், நசுக்கினான், மேசையில் தேய்த்தான். அடுத்த துண்டு வாய்க்குப் போனது. மொத்தம் அரை இட்லி. "அவ்வளவுதானா?" என்று மகள் முகம் வாடினாள்.

இங்கே ஒரு கணக்குச் சொல்கிறேன், கேளுங்கள். பிறந்தபோது மூன்று கிலோ இருந்த பிள்ளை ஒரு வயதில் ஏறக்குறைய ஒன்பது கிலோ ஆகிறது. மூன்று மடங்கு. இரண்டாம் ஆண்டிலும் அதே வேகத்தில் வளர்ந்தால் பிறந்தநாளன்று 27 கிலோ இருக்கும்! அப்படி எந்தப் பிள்ளையும் வளர்வதில்லை. இரண்டாம் ஆண்டு முழுவதற்கும் இரண்டு, இரண்டரை கிலோதான் கூடும். வளர்ச்சியின் வேகம் குறைகிறது, அதனால் பசியும் குறைகிறது. கால் முளைத்துவிட்டதால் சாப்பாட்டைவிட வேடிக்கை பெரிதாகிவிடுகிறது. வயிறோ ஒரு தேநீர்க் குவளை அளவுதான். ஒரே வேளையில் நிறைய அடைக்க முடியாது. மூன்று அல்லது நான்கு வேளை உணவும், நடுவில் ஒன்றிரண்டு முறை பழமோ சிற்றுண்டியோ கொடுப்பதே சரி. ஒரு வேளைக்கு முக்கால் குவளையிலிருந்து ஒரு குவளை வரை வைத்துப் பாருங்கள். மிச்சம் வைத்தால் வைக்கட்டும்.

பக்கத்து மேசையில் ஒரு பெரியவர் தே தாரிக்கைத் தட்டில் ஊற்றி ஆற்றிப் பேத்தியின் வாயில் வைத்தார். பாசம்தான், குறை சொல்லவில்லை. நம் வீடுகளில் காலங்காலமாக நடப்பது. ஆனால் தேநீரிலும் காப்பியிலும் உள்ள துவர்ப்பு, சாப்பாட்டில் இருக்கும் இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுத்துவிடும். இரத்தம் ஊற வேண்டிய வயதில் அது நட்டம். தேநீர் பெரியவர்களோடு இருக்கட்டும்.

காப்பார்: டின் பால் நாட்கள்

கிள்ளானைத் தாண்டிக் காப்பாரை நோக்கிப் போகும்போது நான் பேச்சைக் குறைத்துக்கொண்டேன். நான் பிள்ளை பெற்று வளர்த்த தோட்டம் இந்தப் பக்கம்தான் இருந்தது. இன்று லயம் இல்லை, பெரட்டுக் களம் இல்லை. வீடமைப்புப் பகுதியும் தொழிற்சாலைக் கூரையும் தெரிகின்றன. இடையிடையே செம்பனை நிற்கிறது.

1982-ஆம் ஆண்டு. என் மூத்தவனுக்கு ஒரு வயது. விடியற்காலை நாலரைக்கு எழுந்து, ஐந்தரைக்குள் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு ஓட வேண்டும். பால் மரம் வெட்டி, மங்கில் விழுந்ததைச் சேர்த்து, நிறுத்துப் போட்டுத் திரும்பும்போது உச்சி வெயில். நேரத்தோடு வேலையில் நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே தாய்ப்பாலை நிறுத்திவிட்டேன். இனிப்பு டின் பாலை இரண்டு கரண்டி எடுத்துச் சுடுதண்ணீரில் கரைத்துப் புட்டியில் ஊற்றிக் கொடுத்தனுப்புவேன். கூடவே நான்கு ரொட்டி பிஸ்கட். ஆயா அதைத் தேநீரில் நனைத்துக் கொடுப்பார். பிள்ளை குடிப்பான், தூங்குவான். கன்னமெல்லாம் உப்பிக் கொழுகொழுவென்று இருப்பான். பார்ப்பவர்கள் எல்லாம் என்னைப் பாராட்டினார்கள்.

ஒரு நாள் வயிற்றுப்போக்கு கண்டது. தோட்டத்து டிரஸ்ஸர் அவன் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். வெள்ளைக் காகிதம் போல் இருந்தது. "இரத்தமே இல்லையேம்மா, என்ன குடுக்கிறே?" என்றார். பெரிய ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தோம். பிழைத்துக்கொண்டான். இன்று அவனுக்கே பிள்ளைகள் இருக்கின்றன. ஆனாலும் அந்தச் சாலையில் போகும்போதெல்லாம் ஒன்று மட்டும் நெஞ்சில் குத்துகிறது. அவன் பசியோடு இருந்திருக்கிறான். நான் வயிறு நிறைந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதை முன்பே ஒருவர் சொல்லியிருந்தார் என்பது எனக்கு வெகு காலம் கழித்துத்தான் தெரியும். சிசிலி வில்லியம்ஸ் என்பது அந்த டாக்டரம்மாவின் பெயர். ஜமைக்காவில் பிறந்தவர். இன்று கானா என்று வழங்கும் ஆப்பிரிக்க நாட்டில் வேலை செய்தபோது, தாய்ப்பால் மறந்து வெறும் சோளக் கஞ்சி குடித்து உடம்பு வீங்கிச் சாகும் பிள்ளைகளைக் கண்டு, அந்த நோயை 1933-இல் மருத்துவ உலகுக்கு எடுத்துக் காட்டினார். வீக்கத்தைப் பார்த்தவர்கள் பிள்ளை பருமனாக இருப்பதாக நினைத்தார்கள். உள்ளே பஞ்சம். பிறகு அவர் மலாயாவுக்கு மாற்றப்பட்டார். இங்கே சிங்கப்பூரிலும் ஊர்ப்புறங்களிலும் இனிப்பு டின் பாலைக் குழந்தை உணவென்று விற்பதைக் கண்டார். 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் பேச எழுந்தவர், தம் பேச்சுக்கு வைத்த தலைப்பு "பாலும் கொலையும்". ஜப்பான்காரன் காலத்தில் சாங்கிச் சிறையில் கிடந்து, போர் முடிந்தபின் உலகச் சுகாதார நிறுவனத்தில் தாய் சேய் நலப் பிரிவின் முதல் தலைவரானார்.

அந்த டின் இன்றும் நம் அலமாரியில் இருக்கிறது. எடுத்து அதன் மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். பாதிக்கு அருகில் சர்க்கரை. இப்போது விற்கும் பல டின்கள் பால்கூட அல்ல, செம்பனை எண்ணெயும் சர்க்கரையும் கொஞ்சம் பால் தூளும் சேர்த்த 'கிரீமர்'. நாம் குலை வெட்டி அனுப்பிய எண்ணெய் டின்னில் அடைபட்டு நம் பிள்ளையின் புட்டிக்கே திரும்பி வருகிறது. பெரியவர்களின் தேநீருக்கு அது போதும். பிள்ளைக்கு வேண்டாம்.

"அப்போ வளரும் பிள்ளைக்குன்னு விலை கூடின பவுடர் விக்கிறாங்களே, அதை வாங்கலாமா?" என்றாள் மகள். அவள் மனத்தில் இருந்தது அதுதான். உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டி இதற்கு நேராகவே பதில் சொல்கிறது. ஒன்று முதல் இரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்த வகைப் பவுடர் பரிந்துரைக்கப்படவில்லை. தாய்ப்பால் இருந்தால் இரண்டு வயதும் அதற்கு மேலும் கொடுக்கலாம். இல்லையென்றால் காய்ச்சிய சாதாரண மாட்டுப் பால் போதும். அதையும் நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் போக விடாதீர்கள். பாலிலேயே வயிறு நிறைந்தால் சோறு இறங்காது, இரும்புச் சத்தும் சேராது. புட்டியை மெல்ல விடுத்துக் குவளைக்கு மாற்றுங்கள். புட்டியை வாயில் வைத்தபடி தூங்கினால் முளைக்கும் பல் சொத்தையாகும்.

"பவுடர் வாங்கும் காசில் முட்டையும் மீனும் வாங்கு" என்றேன். அவள் பதில் பேசாமல் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஜெரம்: ஒரு கரண்டி முன்னால்

ஜெரத்தில் கடல் காற்று முகத்தில் அடித்தது. கடல் என்றால் வெள்ளை மணல் என்று எண்ணிப் போகாதீர்கள். இங்கே சேறும் கண்டல் மரமும்தான். ஆனால் மீனுக்குக் குறைவில்லை. கடலைப் பார்த்த கடல் உணவுக் கடைகளில் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நெரியும்.

இஞ்சி போட்டு ஆவியில் வேகவைத்த மீன் ஒன்று சொன்னோம். மீன் முள்ளைப் பற்றிப் பயப்படாத தாய் கிடையாது. கரண்டியால் எடுக்கும்போது முள் ஒளிந்துகொள்ளும், விரலுக்குத் தெரிந்துவிடும். ஆகவே கையைக் கழுவிக்கொண்டு, சதையை இரண்டு விரலுக்கிடையில் நன்றாக நசுக்கிப் பார்த்துக் கொடுங்கள். காலா, வவ்வால் போன்றவற்றின் நடுத்துண்டில் முள் எடுப்பது சுலபம். கெம்போங் விலை குறைவு, சத்து நிறைவு. முள்ளை மட்டும் பொறுமையாகப் பாருங்கள். ஜெரத்துச் சிப்பியில் இரும்புச் சத்து மிகுதி. ஆனால் பெரியவர்கள் தின்பதுபோல் அரைவேக்காட்டில் பிள்ளைக்கு ஆகாது. முழுக்க வெந்து, பொடியாக நறுக்கியதாக இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தால் என்ன செய்வது? இந்தப் பயணத்தில் உங்களிடம் சொல்ல எனக்கு ஒரே ஒரு சேதி இருக்கிறதென்றால் அது இதுதான். பிள்ளைக்கென்று தனிச் சமையல் வேண்டாம், தனி டின்னும் வேண்டாம். குடும்பத்துக்கு ஆக்கும் சட்டியிலேயே பிள்ளையின் சாப்பாடு இருக்கிறது. மிளகாய்த்தூளும் உப்பும் போடுவதற்கு முன்னால் ஒரு கரண்டி எடுத்து வைத்துவிடுங்கள். சாம்பாருக்கு வெந்த பருப்பும் காயும், புளி ஊற்றுமுன் ஒரு கரண்டி. மீன் குழம்பு வைக்கும் நாளில் ஒரு துண்டைத் தனியாக மஞ்சள் போட்டு ஆவியில் வையுங்கள். கோழிக் குழம்பானால் ஈரலைத் தனியே வேகவைத்து மசித்து, வாரம் ஒரு முறை ஒரு கரண்டி கொடுங்கள். கீரை கடையும்போது ஒரு கரண்டி. மஞ்சள், சீரகம், வெங்காயம், பூண்டு எல்லாம் பிள்ளைக்கு ஆகும். வீட்டுச் சாப்பாட்டின் வாசம் பழகத்தான் வேண்டும். கொஞ்சங் கொஞ்சமாக மிளகும் சேர்ந்துகொள்ளும்.

லயத்துப் பின்பக்கம் முருங்கை நிற்கும். பப்பாளியும் கொய்யாவும் நிற்கும். முருங்கைக் கீரையோ பருப்போ சாப்பிட்ட கையோடு ஒரு துண்டு பப்பாளி கொடுத்தால், கீரையில் உள்ள இரும்புச் சத்து உடம்பில் நன்றாகச் சேரும். நெத்திலியை ஊறவைத்து உப்புப் போகக் கழுவி, வறுத்துப் பொடி செய்து வைத்துக்கொண்டால் கஞ்சியில் தூவலாம். நாளைக்கு ஒரு முட்டை, அல்லது ஒரு துண்டு மீன், அல்லது கோழி என்று ஏதாவது ஒன்று தினமும் இருக்கட்டும். மரக்கறி உண்ணும் வீடானால் பருப்பு, பயறு, தவ்வு, தயிர் ஆகியவற்றை வேளைக்கு வேளை சேர்த்துக்கொள்ளுங்கள், இரத்தம் எப்படியிருக்கிறது என்று கிளினிக்கில் கேட்டுப் பாருங்கள்.

ஜெரத்துக் கடையில் நடந்ததைச் சொல்ல மறந்துவிட்டேன். நாங்கள் சாப்பிடத் தொடங்கினோம். பையனை யாரும் கவனிக்காதது போல் இருந்தோம். அவனுக்குப் பொறுக்கவில்லை. மாப்பிள்ளையின் மடியிலிருந்து கையை நீட்டி என் தட்டில் இருந்த மீனை எடுத்தான். வாயில் போட்டான், துப்பினான். மறுபடி எடுத்தான். மூன்றாம் முறை விழுங்கினான். மகள் என்னைப் பார்த்தாள். நான் என் மீனைச் சாப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

கோலசிலாங்கூர்: குன்றின் மேல் ஒரு தாய்

புக்கிட் ரோத்தானில் சக்தி கோயிலின் கோபுரத்தைத் தொழுதுவிட்டுக் கோலசிலாங்கூர் போய்ச் சேர்ந்தோம். ஊருக்குள் புக்கிட் மெலாவத்தி என்ற குன்று இருக்கிறது. 1784-இல் டச்சுக்காரர்கள் இந்தக் கோட்டையைப் பிடித்தார்கள். மறு ஆண்டே சுல்தான் இப்ராஹிம் அதை மீட்டுக்கொண்டார். பீரங்கிகளும், 1907-இல் கட்டிய கலங்கரை விளக்கமும் இன்றும் நிற்கின்றன. ஆனால் பிள்ளைகள் அங்கே போவது பீரங்கி பார்க்க அல்ல, குரங்கு பார்க்க. சாம்பல் நிறக் குரங்குக் கூட்டம். குட்டி மட்டும் பிறந்த புதிதில் ஆரஞ்சு நிறமாக இருக்கும். சில மாதங்களில் தாயின் நிறத்துக்கு மாறிவிடும்.

ஒரு தாய்க் குரங்கு கிளையில் அமர்ந்து இலை தின்றுகொண்டிருந்தது. மடியில் குட்டி. அது தாயின் வாயையே பார்த்தது. கையை நீட்டி இலையைத் தொட்டது, முகர்ந்தது, விட்டுவிட்டது. தாய் திணிக்கவில்லை, விரட்டவும் இல்லை. தன் பாட்டுக்குத் தின்றுகொண்டிருந்தது. மகள் வெகு நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "அது மூக்கைப் பிடிக்கலேம்மா" என்றாள். நாங்கள் இருவரும் சிரித்துவிட்டோம். அவளுக்குக் கண்ணில் நீரும் வந்தது.

ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும் என்பார்கள். புதிய உணவைப் பிள்ளை ஒரு முறை துப்பினால் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். எட்டு முறை, பத்து முறை கண்ணில் பட்டு, வாயில் பட்டுத்தான் சில பிள்ளைகள் ஏற்றுக்கொள்ளும். என்ன சமைப்பது, எப்போது வைப்பது என்பது உங்கள் பொறுப்பு. எவ்வளவு தின்பது என்பதைப் பிள்ளையின் வயிறு சொல்லட்டும். முகத்தைத் திருப்பினால் தட்டை எடுத்துவிடுங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். ஆனால் அடுத்த வேளைக்குள் பிஸ்கட்டும் இனிப்புத் தண்ணீரும் கொடுத்து வயிற்றை ஏமாற்றாதீர்கள். மூத்த பிள்ளைகளோடு ஒரே பாயில் உட்கார வையுங்கள். அண்ணன் தின்பதைப் பார்த்துத் தம்பி தின்பான்.

அங்கேதான் ஒரு தவறும் நடக்க இருந்தது. மாப்பிள்ளை ஒரு பொட்டலம் கச்சாங் பூத்தே வாங்கி வந்தார். நாங்கள் பேச்சில் இருந்தோம். பையன் கைப்பிடி நிறையக் கடலையை அள்ளிவிட்டான். வாய்க்குப் போகுமுன் நான் கையைப் பிடித்துக்கொண்டேன். நெஞ்சு படபடவென்று அடித்தது. சகோதரிகளே, முழுக் கடலை, பட்டாணி, முறுக்குத் துண்டு, முழுத் திராட்சை, வட்டமாக வெட்டிய சோசேஜ், கொட்டையோடு இருக்கும் ரம்புத்தான், சின்னக் கோப்பையில் வரும் ஜெல்லி, பச்சைக் காரட் ஆகிய எல்லாமே இந்த வயதுத் தொண்டையை அடைத்துவிடும். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். கடலையைப் பொடித்துக் கஞ்சியில் கலக்குங்கள். பிள்ளை உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும், ஓடிக்கொண்டே அல்ல. ஓடும் வண்டியிலும் வேண்டாம். ஏதாவது அடைத்துக்கொண்டால் கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் தேடாதீர்கள், இன்னும் உள்ளே போய்விடும். தலையைத் தாழ்த்திப் பிடித்து முதுகில் தட்டும் முறையை, அடுத்த முறை கிளினிக்கு போகும்போது மிஸ்ஸியிடம் நேரில் காட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள்.

செகிஞ்சான்: நெல் விளையும் இடம்

தஞ்சோங் காராங் தாண்டியதும் செம்பனை விலகி வயல் விரிகிறது. வாய்க்கால் ஓரம் நேராகப் போகும் மண் பாதை, கொக்கு, கண்ணுக்கெட்டிய வரை நெல். ஆண்டுக்கு இரண்டு போகம். நம் முன்னோர்கள் விட்டு வந்த ஊர் இப்படித்தான் இருந்திருக்கும் என்று மாப்பிள்ளை சொன்னார். அவரும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. இந்தப் பக்கம் குடியேறிய ஜாவா மக்கள் வாழை இலையில் கட்டிய தெம்பே விற்பார்கள். சோயாவைப் புளிக்க வைத்துச் செய்வது. ஆவியில் வேகவைத்து உதிர்த்தால் பிள்ளைக்கு நல்ல புரதம். நம் தோட்டத்து அடுப்படிக்கும் அது பழைய விருந்தாளிதான்.

செகிஞ்சானில் வயல் ஓரக் கடையில் பகல் சாப்பாடு. இத்தனை நெல்லைப் பார்த்தபின் கஞ்சியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. நாம் செய்யும் பெரிய தவறு, கஞ்சியைத் தண்ணீராக வைப்பது. அந்தச் சின்ன வயிறு தண்ணீரிலேயே நிறைந்துவிடும், சத்துக்கு இடம் இருக்காது. கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடாமல் நிற்க வேண்டும், அதுதான் பதம். ஒரு வயதுக்கு மேல் குழைந்த சோறே போதும். அதில் பருப்பு, மசித்த காய், ஒரு சிறு கரண்டி எண்ணெயோ நெய்யோ. கேழ்வரகுக் கூழையும் மறக்காதீர்கள், எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து அதில் மிகுதி.

வேலைக்குப் போகும் தாய் என்ன செய்வாள் என்று கேட்பீர்கள். மகளும் நானும் அந்தக் கடையிலேயே உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டோம். விடியற்காலை கிளம்புமுன் தாய்ப்பால். ஏழரைக்குப் பிள்ளை பார்க்கும் அம்மாவிடம் இட்லியோ கேழ்வரகோ. பத்து மணிக்கு வாழைப்பழம். பகலில் முதல் நாள் இரவு எடுத்து வைத்து, ஐஸ் பெட்டியில் வைத்த பருப்பும் கீரையும், ஆவி பறக்கச் சூடாக்கி, புதுச் சோற்றோடு. நான்கு மணிக்கு அவித்த முட்டையும் பப்பாளியும். இரவு ஏழு மணிக்கு எல்லோரோடும் பாயில். பிறகு தாய்ப்பால். பிள்ளை பார்ப்பவருக்கு வாயால் சொன்னால் மறந்துபோகும். ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள்: தேநீர் வேண்டாம், கடலை வேண்டாம், பாக்கெட் மீ வேண்டாம்.

இவ்வளவும் எதற்கு என்றால், இது ஒரு வீட்டுக் கவலை மட்டும் அல்ல. 2019-ஆம் ஆண்டு நம் நாட்டுச் சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 21.8 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்று கண்டார்கள். ஐந்தில் ஒரு பிள்ளைக்கு மேல். அந்தக் குறை பெரும்பாலும் தாய்ப்பாலிலிருந்து குடும்பச் சோற்றுக்கு மாறும் இந்த இரண்டு ஆண்டுகளில்தான் விழுகிறது.

ஆகவே எல்லாவற்றையும் "பசி குறையும் வயதுதானே" என்று விட்டுவிடவும் கூடாது. அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை நிறுத்தும் எடை கூடவில்லை அல்லது குறைகிறது, இமையும் உள்ளங்கையும் வெளுத்திருக்கின்றன, விளையாட்டு குறைந்து சோர்ந்து கிடக்கிறான், வாந்தியும் போக்கும் விடவில்லை, கட்டியான எதை விழுங்கினாலும் திணறுகிறான் என்றால் அன்றே கிளினிக்குப் போங்கள். பிள்ளையின் பதிவுப் புத்தகத்தில் உள்ள வளர்ச்சிக் கோட்டைக் காட்டி விளக்கச் சொல்லுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். 1982-இல் நான் கூச்சப்பட்டேன்.

மாலை வெயிலில் திரும்பினோம். பையன் என் மடியில் தூங்கிவிட்டான். அன்று அவன் தின்றது அரை இட்லி, கொஞ்சம் மீன், ஒரு வாழைப்பழம், நாலு கை சோறு. மறுநாள் காலை பழையபடி முகத்தைத் திருப்பிக்கொண்டானாம். மகள் தொலைபேசியில் சொன்னாள். "அப்புறம் என்ன செஞ்சே?" என்றேன். "தட்டை எடுத்து வச்சிட்டேன். நான் சாப்பிட உட்கார்ந்தேன். வந்து என் தட்டுல கையை விட்டான்" என்றாள்.

அடுத்த முறை மிஸ்ஸி எடை பார்த்தபோது கோடு சீராக மேலே போயிருந்தது. விலை கூடின டின் அவள் வீட்டுக்குள் வரவே இல்லை.

இன்று மாலை நீங்களும் குழம்பு கூட்டுவீர்கள். மிளகாய்த்தூள் டப்பாவைத் திறக்குமுன் ஒரு கரண்டி எடுத்து வையுங்கள். அது உங்கள் வீட்டுச் சின்னவருடைய பங்கு.